வளைந்தாலும் குறையாத பதினைந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற கையோடு பழைய இயற்பியல் நோட்டுகளை வீடெங்கும் பரப்பி வைத்திருக்கிறேன். தினமும் திட்டு விழுகிறது.

காலமும் இடமும் சேர்ந்த காலவெளி வளைந்துவிட்டால் சமச்சீர்மை, அதாவது நகர்த்தினாலும் சுழற்றினாலும் எதுவும் மாறாத தன்மை, போய்விடாதா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் போய்விடும். தட்டையான நாற்பரிமாணக் காலவெளியில் பத்துச் சமச்சீர்மைகள் உண்டு: இடப்பெயர்ச்சி நான்கு, சுழற்சி மூன்று, ஓய்விலிருந்து சீரான வேகத்துக்கு மாறும் லோரென்ட்ஸ் மாற்றம் மூன்று. சுழலாத கருந்துளை ஒன்றை நடுவில் வைத்தால் நான்குதான் மிஞ்சும். அது சுழன்றால் இரண்டே இரண்டு.

ஆனால் வளைவு எங்கும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றுகூடக் குறையாது. தட்டையான ஐந்து பரிமாணக் காலவெளிக்குப் பதினைந்து. எங்கும் ஒரே அளவில் எதிர்மறையாக வளைந்த ஐந்து பரிமாண ஆன்டி டி சிட்டர் வெளிக்கும் பதினைந்து. ஐந்து பரிமாணக் கோளத்துக்கும் பதினைந்து. இரண்டும் சேர்ந்த பத்துப் பரிமாணப் பின்னணியில் இயங்கும் சரக் கோட்பாடும் (துகள்களை அதிரும் நுண்ணிய இழைகளாகப் பார்ப்பது), ஈர்ப்பே இல்லாத ஒரு நாற்பரிமாண சூப்பர் யாங்-மில்ஸ் கோட்பாடும் (துகள் இயற்பியலில் வரும் ஒரு வகைப் புலக் கோட்பாடு) ஒன்றுதான் என்று 1997இல் இயற்பியலாளர் ஹுவான் மால்டசீனா சொன்னார். நீ கணக்கு வாத்தியார், நீயே எண்ணிப் பார். யாங்-மில்ஸ் பக்கம் வழக்கமான பத்து இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மடங்கில் பெரிதாக்கும் மாற்றம் ஒன்று, கோணம் கெடாமல் புள்ளிகளை இடம் மாற்றும் சிறப்பு மாற்றங்கள் நான்கு. ஆகப் பதினைந்து! அந்தக் கோட்பாட்டில் ஆறு ஸ்கேலார் புலங்கள் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையில்லாத வெறும் எண்ணாக இருப்பவை) உண்டு. அவற்றை இரண்டிரண்டாக ஒன்றுக்குள் ஒன்று சுழற்றினால் ஆறைந்து முப்பதில் பாதி, அது கோளத்தின் பதினைந்து. முதல் தடவை இது பொருந்தியபோது நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

எண்ணிக்கை ஒத்துப்போவது நிரூபணமாகாது என்று நீ சொல்வாய். சரிதான், கணிதக்காரர்கள் ஏற்கும் முழு நிரூபணம் இன்னும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்தவர்கள், பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் நம் வருங்காலம் நேர்மறையாக வளைந்த டி சிட்டர் வெளியின் பக்கம்; மால்டசீனாவின் வெளிக்கு நேர் எதிர். நாற்பரிமாண டி சிட்டருக்கும் எண்ணிக்கையில் அதே பத்து உண்டு. ஆனால் அவற்றில் எதுவும் வெளி முழுவதற்கும் காலத்தை நகர்த்துவதாக இல்லை. காலத்தை நகர்த்தும் சமச்சீர்மையிலிருந்துதான் ஆற்றல் மாறாமல் இருப்பது வருகிறது; அது இல்லாவிட்டால் எதை வைத்து மொத்த ஆற்றல் என்று சொல்வது? எத்தனை என்பதைவிட எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சரக் கோட்பாட்டாளர்கள் இங்கேதான் இன்றும் திணறுகிறார்கள்.

அடுத்த கடிதத்தில் உன் எதிர்வாதத்தை எழுது. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்