டெரின்குயு போகும் மகளுக்கு

அன்புள்ள யாழினி,

துருக்கியில் இருக்கும் கப்படோசியாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாய் என்று அப்பா சொன்னார். சந்தோஷம். பலூன் சவாரியைப் பற்றி உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளை மட்டும் டெரின்குயுவுக்கு ஒதுக்கிவிடு. எதிரி வந்தால் ஒளிந்துகொள்ளப் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடி நகரம் அது.

சுமார் 85 மீட்டர் ஆழம், 20,000 பேர் வரை தங்கலாம், 1963இல் யாரோ வீட்டைச் செப்பனிடச் சுவரை இடித்தபோது வழி தெரிந்தது என்றெல்லாம் வழிகாட்டி சொல்வார். கேட்டுக்கொள். அப்புறம், அடுப்பு எங்கே என்று கேள். நான் அதைத்தான் கேட்டேன். வீட்டுக்கு ஓர் அடுப்பு எரிந்திருந்தால் புகையிலேயே மூச்சு முட்டியிருக்கும். மேலே புகை தெரிந்தால் எதிரிக்கு இடமும் தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, சமையலறைகள் மிகக் குறைவு. பலர் சேர்ந்து ஒரே இடத்தில் சமைத்திருக்க வேண்டும். அந்த அடுப்படிச் சண்டைகளை நினைத்துப் பார்!

ஆடுமாடுகளுக்கு மேல்தளத்திலேயே கொட்டில். அந்தக் குறுகலான படிகளில் மாட்டை எப்படி இறக்குவது? சில கிணறுகளுக்குத் தரைமட்டத்தில் வாயே கிடையாது, வந்தவன் நஞ்சைக் கலந்துவிடக் கூடாதே. வாசலை அடைக்க, பெரிய திருகைக்கல் போல ஒரு வட்டக் கல். அதை உள்ளிருந்துதான் உருட்ட முடியும். நடுவில் ஓட்டை, எட்டிப் பார்க்கவும் ஈட்டியை நீட்டவும்.

வருஷம் முழுக்க அங்கேயே குடித்தனம் நடத்தினார்கள் என்று நினைத்துவிடாதே. வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மேலேதான். 7ஆம் நூற்றாண்டு முதல் அரபுப் படைகள் அடிக்கடி வந்துபோன காலத்தில், ஆபத்து என்றால் இறங்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் அது தானியமும் திராட்சை மதுவும் வைக்கிற நிலவறை. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, குடைவது சுலபம், உள்ளே எப்போதும் ஒரே குளிர்ச்சி. 1923இல் அங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களைக் கிரேக்க நாட்டுக்கு அனுப்பிய பிறகு இறங்குவார் இல்லாமல் போயிற்று.

சின்னக் குழந்தைகளை எப்படி அழாமல் வைத்திருந்தார்களோ தெரியவில்லை. உன்னை வைத்துக்கொண்டு நான் ஒரு ராத்திரிகூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

சரி, ஸ்வெட்டர் எடுத்துக்கொள். பல இடங்களில் குனிந்தபடி ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அப்பா முட்டி வலியால் இரண்டாவது தளத்தோடு திரும்பிவிட்டார். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் காலையிலேயே போய்விடு. கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது.

அன்புடன்,
அம்மா