கிராங்கை வெட்டு, ஃபோர்க்கைத் தொடாதே

மாப்ளே,

உன் கடிதமும் வண்டியின் படங்களும் வந்தன. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே கலிபோர்னியாவில், சான் ரஃபேலில் எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டதால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கராஜில் எனக்கு நேரம் நிறையக் கிடைக்கிறது.

சரி, வண்டிக்கு வருவோம். அந்தப் பழைய ஸ்டீல் 26 இஞ்ச் மலைச் சைக்கிளை நீ இன்னும் விற்காததே எனக்குப் பெரிய சந்தோஷம். முன்னால் 120 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் மாட்டலாமா, பெடலைத் தாங்கும் கையான கிராங்கைக் குட்டையாக்கலாமா, இரண்டையும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். கிராங்கை மட்டும் செய்.

உன் ஃப்ரேம் 80 மி.மீ. ஃபோர்க்குக்காகச் செய்தது. முன்னால் 40 மி.மீ. உயர்த்தினால் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் தரையோடு சாயும் கோணம், 71 டிகிரியிலிருந்து 69 பக்கம் வரும். இறக்கத்தில் அது சுகம்தான். ஆனால் சீட் ட்யூபும் அதே இரண்டு டிகிரி பின்னால் சாயும், கிராங்க் சுழலும் அச்சு 15 மி.மீ. போல மேலே ஏறும், கோத்தகிரி ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் நிற்காது. இப்போது வரும் வண்டிகளில் 64, 65 டிகிரி இருக்கிறதே என்பாய். அவற்றில் ஃப்ரேமே நீளம், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் குட்டை, சீட் ட்யூப் நிமிர்ந்து நிற்கும். எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கோணம் வேலை செய்கிறது. அப்புறம், ஃபோர்க் நீள நீள, அது நுழைந்திருக்கும் ஹெட் ட்யூபை நெம்பும் விசையும் கூடும். அங்கிருந்து கிராங்க் பக்கம் இறங்கும் டவுன் ட்யூப் சேரும் இடத்தில் அடியில் விரிசல் விடலாம். ஓடும்போது உடைந்தால் முகத்தில்தான் விழுவாய். அது வேண்டாம்டா.

கிராங்க் கதை வேறு. உன்னுடையது 175 மி.மீ. நீளம். நம் உயரத்துக்கு அது அதிகம் என்று நான் ரொம்ப நாளாகவே சொல்லி வருகிறேன். 152 ஆக்கினால் கீழே பாறைக்கும் பெடலுக்கும் நடுவில் 23 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். சீட்டையும் அதே 23 உயர்த்துவாய் அல்லவா, அதனால் மேலே வரும்போது முழங்காலுக்கு 46 மி.மீ. இடம் கிடைக்கும். பலம் குறையுமே என்று பயப்படாதே. உடலியக்க ஆய்வாளர் ஜிம் மார்ட்டின் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களைச் சோதித்தார். 145-க்கும் 195-க்கும் இடையே உச்ச சக்தியில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கிக்கொள், போதும்.

இருக்கும் கிராங்கிலேயே பெடலுக்குப் புதுத் துளை போட்டுத்தான் குட்டையாக்கப் போகிறோம். ஏன் 165 இல்லை, 152 என்று கேட்பாய். பெடல் மரையின் விட்டம் 14.3 மி.மீ. பத்து மி.மீ. தள்ளித் துளை போட்டால் பழைய துளைக்குள்ளேயே விழும். 23 தள்ளினால் நடுவில் எட்டு மி.மீ.க்கு மேல் உலோகம் நிற்கும். புதுத் துளை விழும் இடத்தில் கிராங்கின் அகலம் 25 மி.மீ.க்குக் குறைந்தாலோ, பின்பக்கம் பள்ளம் வெட்டியிருந்தாலோ விட்டுவிடு. ஹாலோடெக் மாதிரி உள்ளே வெற்றான கிராங்கிலும் கார்பனிலும் இந்த வேலையே கூடாது. உன்னுடைய சதுர ஆக்ஸில் அலுமினியம் கெட்டியானது.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? கையில் ட்ரில் பிடித்துப் போடுபவரிடம் மட்டும் கொடுக்காதே. ஆக்ஸில் துளைக்கு இணையாக இல்லாமல் புதுத் துளை கொஞ்சம் சாய்ந்தாலும் பாதம் ஒவ்வொரு சுற்றிலும் ஆடும், முழங்கால் வாங்கிவிடும். மில்லிங் மெஷினில் கட்டி, 13 மி.மீ. துளை போட்டு, பிறகு மரை வெட்டும் டேப் போடச் சொல். இடது கிராங்குக்கு இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருகினால் இறுகுவது. அந்த டேப் எல்லோரிடமும் இருக்காது, முன்கூட்டியே விசாரி. பெடல் தோள் உட்காரும் முகத்தையும் தட்டையாகச் சீவ வேண்டும்.

முனையை உடனே வெட்டிவிடாதே. இரண்டு துளையும் இருக்கும்போதே தார் ரோட்டில் கொஞ்ச நாள் ஓட்டு. பிடிக்கவில்லை என்றால் பெடலைப் பழைய இடத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். பிடித்துவிட்டால் முனையை அறுத்து, அரம் போட்டு உருட்டிவிடு. அறுக்காமல் மலைக்குப் போனால் அந்த நீட்டலே பாறையில் இடிக்கும்.

இந்த மாதிரி வேலை பிறந்த ஊர்ப் பக்கத்திலேயே நான் இருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் மலையில்தான் 1976-இல் ரீபேக் என்ற சைக்கிள் இறக்கப் பந்தயம் தொடங்கியது. ஷ்வின் எக்செல்சியர் என்ற பழைய பேப்பர்காரப் பையன் சைக்கிள்களில் கியரும் மோட்டார்பைக் பிரேக் லீவரும் மாட்டி இறங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பழைய பிரேக் இருந்த வண்டிகளில் ஒருமுறை இறங்கினாலே பின் ஹப்பில் கிரீஸ் எரிந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும். ரீபேக் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. மறுவருடம் அந்தப் பந்தயத்தில் ஓட்டிய ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஃப்ரேம் கட்டியபோது அந்த எக்செல்சியரின் கோணங்களைத்தான் எடுத்துக்கொண்டார். பிறகு பந்தய மோகத்தில் கோணங்கள் செங்குத்தாகி, உன் வண்டியின் 71-க்கு வந்தன. ஃபேர்ஃபாக்ஸில் சைக்கிள் மியூசியம் இருக்கிறது. நீ வரும்போது முதல் வேலையாக அங்கே போவோம்.

பட்டறைக்குப் போகும் முன் இரண்டு கிராங்கின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. புதுத் துளை வரும் இடத்தில் வெர்னியர் வைத்து அகலமும் தடிமனும் அளந்து எழுது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி