படத்தில் இருந்தது வேறு செடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில், விஷச்செடி மேயும் மாடுகளுக்கு உணவுக்குழாயில் புற்று வருவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. விஷயம் சரிதான். ஆனால் கூடவே போட்டிருந்த படம் உண்ணிச்செடி. அதை யாரோ செல்போனில் பிடித்து எங்கள் பால் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த எல்லாருக்கும் அதே பேச்சு. ஒருவர் வாய்க்கால் கரையில் இருந்த உண்ணிச்செடி வேலியையே வெட்டிச் சாய்த்துவிட்டார்.

உண்ணிச்செடியை நல்லது என்று சொல்ல வரவில்லை. பசி தாங்காமல் அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், காமாலை வரும், வெயிலில் நின்றால் மூக்கும் தோலும் வெந்து உரியும். கட்டுரை சொன்ன புற்றுக்குக் காரணம் வேறு செடி. அது பிராக்கன் என்கிற பெரணி. குளிர்ந்த மலைச்சரிவில் இடுப்பளவு வளர்வது. கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். எங்கள் வாடிப்பட்டி வயல்வரப்பில் அது முளைக்காது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு மாட்டைப் பறிகொடுத்துத்தான். மேல்மலையிலிருந்து இறங்கிய கலப்பினப் பசு. தரகர் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசி முடித்தார். நான் பல்லைப் பார்த்தேன், மடியைப் பார்த்தேன், சுழிகூடப் பார்த்தேன். எங்கே மேய்ந்தது என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு ஈற்று நன்றாகக் கறந்தது. அப்புறம் வயிறு உப்ப ஆரம்பித்தது. எண்ணெய் ஊற்றினால் இறங்கும், நாலு நாளில் மறுபடி உப்பும். தீவனத்தை மென்று மென்று கீழே துப்பும். கடைவாயில் எந்நேரமும் எச்சில் நூலாகத் தொங்கும். மருத்துவர் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, டார்ச் அடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அடிநாக்கில் காலிஃபிளவர் துண்டு மாதிரி ஒன்று. தொட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. புற்றாக இருக்கலாம் என்றவர், மலையில் பெரணி இருந்த இடத்தில் மேய்ந்ததா என்று கேட்டார். தரகருக்குப் போன் போட்டேன். கோடையில் புல் காய்ந்தால் அதையும்தான் கடிக்கும் என்றார், சாதாரணமாக. மாடு செத்ததும் உப்பும் சுண்ணாம்பும் போட்டுப் புதைத்தோம். அறுத்துப் பார்த்து ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பெரணி ஒருநாள் தின்றதும் கொல்வதில்லை. மாட்டின் வாயிலும் தொண்டையிலும் ஒரு வைரஸால் மரு வரும். சாதாரணமாக அது தானே உதிர்ந்துவிடும். வருஷக்கணக்கில் பெரணி தின்ற மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து மரு தங்கிவிடுகிறது. பெரணியில் உள்ள டாக்விலோசைடு என்கிற நஞ்சு அதைப் புற்றாக மாற்றிவிடுகிறது. ஸ்காட்லாந்து மலைப்பண்ணைகளில் இதைக் கவனித்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜாரெட் குழுவினர் 1978-லேயே எழுதிவிட்டார்கள். இதே செடியால் சிறுநீர்ப்பையிலும் புற்று வந்து மாடு ரத்தமாகப் பெய்யும். ஆனால் நம் பக்கம் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் முதலில் உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். அது செடியால் வருவதில்லை, மாட்டின் மேல் ஒட்டும் உண்ணிப்பூச்சியால் வருவது. பெயர் ஒன்றாக இருப்பதால் இங்கேயும் குழப்பம்தான்.

இன்னொன்று. மதுரைப் பக்கம் மாட்டுக்காரன் செடிக்குப் பயப்படுவதென்றால் சோளத்துக்குத்தான் பயப்பட வேண்டும். மழை இல்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் துளிர்க்கும் மறுதாம்புக் குருத்திலும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நாலு வாய் மேய்ந்தால் போதும், மருத்துவர் வருவதற்குள் கதை முடிந்துவிடும். புற்றைப் பற்றி அரைப்பக்கம் எழுதியவர்கள் இதற்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த வாரம் அதே இடத்தில், அதே அளவில் பெரணிப் படத்தைப் போடுங்கள். இலை விரிந்ததும், குருத்து நாய்வால் மாதிரி சுருண்டு நிற்பதுமாக இரண்டும் வேண்டும். குருத்தில்தான் நஞ்சு அதிகம். மலைமாடு வாங்கப் போகிறவர்கள் வாயைத் திறந்து அடிநாக்குவரை பார்க்க வேண்டும், சிறுநீர் பெய்யும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வேலியை வெட்டியவர் இப்போது ஆடு உள்ளே வருகிறது என்று என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் வாசகர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.