தீத்தடுப்புத் தொண்டர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தொண்டர் தம்பிகளுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

தீயணைப்பு நிலையம் இருக்கும்போது நம் சங்கம் எதற்கு என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சென்னைக்குத் தீயணைப்புப் படை 1908-லேயே வந்துவிட்டது. நம் ராமேஸ்வரம் தீவுக்கோ 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமநாதபுரத்திலிருந்து எந்த வண்டியும் ஓடி வர வழி கிடையாது. 1914-ல் போட்ட ரயில் பாலம் ஒன்றுதான். ஓலைக் கூரையில் நெருப்புப் பிடித்தால் ஊர்தான் படை. ஊற்றடியிலிருந்து பெண்கள் வரிசையாக நின்று குடம் கைமாற்றுவார்கள். ஆண்கள் துறட்டியோடு ஓடுவது எரிகிற வீட்டுக்கல்ல, காற்று போகும் திசையில் இருக்கும் அடுத்த வீட்டுக்கு. எரியாத கூரையைப் பிரித்துப் போடுவதால் வசவு விழும். ஆனால் கச்சான் காற்று அடிக்கிற நாளில் தெரு தப்பியது அப்படித்தான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் நடந்தது இது. நெருப்பை அணைப்பதற்கு முன் ஆளை வெளியே கொண்டுவருவதையே பயிற்சியில் முதலில் வைத்திருப்பது அதனால்தான்.

1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14-ஐ இந்த ஆண்டும் அனுசரித்தோம். நிலையத்து வீரர்கள் வந்து, சிலிண்டர் தீயை ஈரச்சாக்கால் மூடிக் காட்டினார்கள். டீசல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் மிதந்து அடுத்த படகுக்கும் பரவும். மணலைத்தான் கொட்ட வேண்டும். நமக்கு மணலுக்கா பஞ்சம்!

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தெருமுனையில் வலைக் குவியலும் மீன் பெட்டிகளும் அடைத்துக் கிடக்கின்றன. 101-க்கோ 112-க்கோ அடித்து வண்டி வந்தாலும் உள்ளே நுழையாது. வண்டித் தண்ணீரும் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன்: பாதையில் வலை உலர்த்தக் கூடாது, சங்கக் கொட்டகையருகே நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் இறைத்தால் பம்பை உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதாயில்லை. துருவைச் சுரண்டியவன் நான்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் கலைவதற்குள் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்