இளங்கோவனை விட்டுவிட்டு வசன வரலாறா?

ஆசிரியருக்கு,

தமிழ்த் திரை வசனம் பற்றிய உங்கள் கட்டுரையில் இளங்கோவன் பெயரே இல்லை. இதைப் பற்றி எழுதுவோர் பலரும் 1952-இல் வந்த 'பராசக்தி'யிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே 'அம்பிகாபதி' (1937) வந்துவிட்டது. வசனம்: 'மணிக்கொடி' இலக்கிய இதழில் எழுதிய இளங்கோவன், இயற்பெயர் தணிகாசலம். இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது என்பது தனி வேடிக்கை.

அன்றைய படங்களில் பாட்டுக்கு நடுவே இட்டு நிரப்பியதுதான் பேச்சு. அதுவும் நாடக மேடையிலிருந்து வந்த வடமொழிக் கலப்பு நடை. இளங்கோவன் அதைச் செந்தமிழ் உரைநடையாக்கினார். இதில் ஒரு சிக்கல் உண்டு. படப்பிடிப்பிலேயே ஒலியும் பதிவான காலத்தில், நீண்ட வாக்கியத்தின் நடுவில் நடிகருக்கு மூச்சு வாங்கினால் காட்சியையே திரும்ப எடுக்க வேண்டும். ஆகவே அடுக்குமொழி எழுதுபவர் மூச்சுவிடும் இடத்தையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். அவர் வசனம் எழுதிய 'கண்ணகி'யில் (1942) நடிகை கண்ணாம்பா பேசும் வழக்குரை காட்சியைக் கேட்டாலே இது விளங்கும். தாய்மொழி தெலுங்கு அவருக்கு!

'ஹரிதாஸ்' (1944) என்றதும் அதில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுதான் நினைவுக்கு வருகிறது. அதன் வசனமும் இளங்கோவனுடையதே. அடுத்த கட்டுரையிலாவது அவர் பெயர் இடம்பெறட்டும்.

— ஒரு வாசகர்