ஏழிலிருந்து ஒன்பது வரை

நாகர்கோவில்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் ஆறாவது. மாலை டியூஷனுக்கு இந்த வருஷமும் பிள்ளைகள் வருகிறார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, துணிதான் காய மாட்டேன் என்கிறது.

கார்த்தியைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பு வந்தும் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே போன் இருக்கிறது, வைஃபையை அணைத்தால் பாட்டி போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்கிறான் என்று வருத்தப்பட்டிருந்தாய். நம் வீடுகளில் நெட் ஒரே வழியாகவா வருகிறது? ஆளுக்கொரு சிம், ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. பாட்டி காலை வணக்கம் அனுப்பியதுபோக மீதியெல்லாம் பேரனுக்குத்தான். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் இரவு 12 மணிக்குப் புது டேட்டா வரும் என்று முழித்திருக்கிற பிள்ளைகளும் உண்டு. மறுநாள் வகுப்பில் கண் சொருகும்போது தெரிந்துவிடும்.

அதனால் ரூட்டரை அணைப்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. போதாததற்கு வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. 2020இல் பள்ளிகளை மூடியபோது தொடங்கிய பழக்கம், திறந்த பிறகும் பல இடங்களில் போகவில்லை. நம் அரசுப் பாடப்புத்தகத்திலும் 2018இல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா செயலியில் பாட வீடியோ திறக்கும். ஆகவே ‘படிக்கத்தான் எடுத்தேன்’ என்று பிள்ளை சொன்னால் அது பொய் இல்லை. படிக்கத்தான் எடுக்கிறான். எடுத்த கையோடு மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

எனவே படிப்பில் நெட் வேண்டிய வேலையையும் வேண்டாத வேலையையும் முதலில் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு முன்பே குரூப்பைத் திறந்து அன்றைய வீட்டுப்பாடத்தை நோட்டில் கையால் எழுதிக்கொள்கிறார்கள். தீக்‌ஷா வீடியோக்களை ஞாயிற்றுக்கிழமையே டவுன்லோடு செய்துவிடுகிறோம், பிறகு நெட் இல்லாமலே பார்க்கலாம். ஏழு மணிக்கு எல்லாருடைய போனும் சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். என்னுடையது, அவருடையது, அத்தையுடையது எல்லாம் சேர்த்துத்தான். அழைப்பு வந்தால் மணி கேட்கும், எழுந்து போய்ப் பேசலாம். ஒன்பது மணிக்கு இறங்கும்.

அத்தையின் சீரியல் நேரமும் அதுதான். அவரை விடச் சொல்லக்கூடாது, நாள் முழுக்கத் தனியாக இருப்பவர். படிக்கிற மேஜையைப் பின்னறைக்கு மாற்றிவிட்டோம்.

பெரியவளுக்கு இயற்கணிதம் கொஞ்சம் தகராறு. முன்பெல்லாம் ஒரு கணக்கு இடித்தால் உடனே அதைத் தட்டித் தேடுவாள். விடை வந்துவிடும், கணக்கு வராது. இப்போது வராத கணக்கின் எண்ணைப் பென்சிலால் சுழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். ஒன்பது மணிக்கு நோட்டை வாங்கிப் பார்த்தால் சில சுழிகளை அவளே அழித்திருப்பாள். அடுத்த கணக்கைப் போடும்போது முந்தையது பிடிபட்டிருக்கும். மிச்சம் இருப்பதை என்னிடம் கேட்பாள், இல்லையென்றால் வீடியோ தேடுவாள். அந்த அழித்த தடத்தைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

போனுக்கும் வைஃபைக்கும் எப்படிக் கட்டுப்பாடு வைப்பது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். கார்த்தி உன் போனில் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் ‘ஆப் பின்னிங்’ என்று இருக்கும், அதையும் வெளியேறும்முன் பின் நம்பர் கேட்கிற ஆப்ஷனையும் ஆன் செய். தீக்‌ஷாவைத் திறந்து பின் செய்து கொடுத்தால், உன் பின் நம்பர் இல்லாமல் வேறு செயலிக்குப் போக முடியாது. ரூட்டரில் அவன் போனுக்கு மட்டும் நேரம் வைக்க முடிந்தால் வை, வீடு முழுவதையும் முடக்காதே. ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் வைஃபையில் தம் உண்மையான மேக் முகவரியை, அதாவது ரூட்டர் ஒவ்வொரு போனையும் அடையாளம் காணும் எண்ணை, பொதுவாகக் காட்டுவதில்லை. அவன் போனில் உங்கள் வீட்டு வைஃபையின் பிரைவசி பகுதியில் ‘டிவைஸ் மேக்’ என்று மாற்றிவிட்டால் ரூட்டரில் அதை அடையாளம் காண்பது சுலபம். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி சின்னவனுக்கு நன்றாக உதவுகிறது. படிக்கிற நேரத்துக்கும் படுக்கிற நேரத்துக்கும் பூட்டு வைக்கலாம், செயலிவாரியாகவும் நேரம் வைக்கலாம். 13 வயது தாண்டியவன் ஏற்கெனவே வைத்திருக்கிற கூகுள் கணக்கில் அதைப் போட அவன் சம்மதம் வேண்டும். அதனால் கார்த்தியிடம் பேசாமல் நடக்காது. பேசித்தான் ஆக வேண்டும் என்பது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். மார்க் குறைந்ததற்குத் தண்டனையாகப் போனைப் பிடுங்காதே. அவனுக்குத் தெரியாமல் அவன் சாட்டைப் படிக்கவும் வேண்டாம். பதினைந்து வயதுப் பையன், ஒருமுறை நம்பிக்கை போய்விட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் சட்டம் வந்தால் தேவலை என்று எழுதியிருந்தாய். அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் கணக்கு இல்லாமல் யூடியூப் பார்க்க அங்கேயும் தடை இல்லை. மாலை ஏழு மணிக்கு மேஜைமுன் உட்கார வைக்கும் வேலை அந்த ஊர் அம்மாவுக்கும் இருக்கத்தான் செய்யும்.

உங்கள் ரூட்டர் என்ன மாடல் என்று அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து எழுது. பாஸ்வேர்டு இருக்கிற வரியை விட்டுவிடு. எந்த இடத்தில் நேரம் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன். கார்த்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய், அவனுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். ஏழு மணி ஒத்துவராது, எட்டு என்று அவன் சொன்னால் எட்டே இருக்கட்டும். அரையாண்டு லீவில் எல்லோரும் இங்கே வாருங்கள். அம்மாவுக்குப் பயணம் செய்யலாமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
மீனா