பருப்புக்கு எத்தனை விசில்?

கும்பகோணம்
நவம்பர் 9

அன்புள்ள கண்ணா,

நாங்கள் எந்த ஊரில் குடியேறலாம் என்று மார்க் போட்டு நீ எக்செல்லில் அனுப்பிய பட்டியலை அப்பா பிரிண்ட் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். போன வியாழக்கிழமை மயிலாடுதுறை மழையில் நனைந்து கூழாகிவிட்டது. பரவாயில்லை, எனக்கு மனப்பாடம். கோயம்புத்தூருக்கு 82, மைசூருக்கு 79, திருச்சிக்கு 74, தஞ்சாவூருக்கு 61, கும்பகோணத்துக்கு 58. உன் மாமா ஊர் குடவாசலை நீ பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அவனிடம் இதை நான் சொல்லவில்லை.

மே 31-ல் ரிட்டயர் ஆகிறேன். அதற்கப்புறம் எங்கே இருப்பது என்று மூன்று வாரமாக இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறோம். வேண்டுமென்றேதான் ஐப்பசியில் லீவு போட்டேன். தை மாதம் வந்தால் டெல்டாவில் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். அடைமழையில் பார்த்தால்தான் எந்தத் தெருவில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று தெரியும். மயிலாடுதுறையில் ஒரு வீடு, புதிதாக வெள்ளையடித்து பளபளவென்று இருந்தது. கூடத்தில் சுவரை ஒட்டி ஒரு பீரோ. அது எதற்கு அங்கே நிற்கிறது என்று தோன்றியது, பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். மண்பானையின் வெளிப்பக்கம் மாதிரி சில்லென்று ஈரம். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு, வாசலிலிருந்து வீட்டுக்குள் இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்று உன் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கும் அந்த ஊர்மேல் ஆசைதான். ஆனால் அந்த வீட்டுக்கு இல்லை.

நீ தண்ணீருக்கு "காவிரி" என்று எழுதி எல்லா ஊருக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தாய். ஆற்றில் தண்ணீர் ஓடினால் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்று அர்த்தமில்லை கண்ணா. கிழக்கே கடைமடைப் பக்கம் போகப் போக போர்த் தண்ணீரில் உப்பு ஏறுகிறது. வேதாரண்யம் பக்கம் கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுபோய்த்தான் குடிக்கிறார்கள். புரோக்கரைக் கேட்டால் எல்லாத் தண்ணீரும் "தேன் மாதிரி இருக்கும்மா" என்பார். அதனால் நான் புரோக்கரைக் கேட்பதில்லை. கடினத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், "துவரம்பருப்புக்கு எத்தனை விசில் விடுவீங்க?" என்று கேட்கிறேன். மூன்று, நாலு என்றால் சரி. "விசில் விட்டுக்கிட்டே இருக்கணும், அப்பவும் முழுசு முழுசா கிடக்கும்" என்றால் அடுத்த வீடு. திருவாரூரில் ஒரு அம்மா சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டு குக்கரைத் திறந்தே காட்டினார். உன் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் சேர்த்துக்கொள்.

கும்பகோணத்தில் அப்பா ஒரு வீட்டைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டார். குளத்துக்குப் பக்கத்துத் தெரு, திண்ணை, முற்றம், தேக்குத் தூண். 2028-ல் மகாமகம் வருவதைச் சொல்லிச் சொல்லியே எல்லாரும் விலையை ஏற்றுகிற ஊரில், இந்த வீட்டை மட்டும் குறைவாகச் சொன்னார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தூணில் சாய்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசிப் பன்னிரண்டு வருடம் வீட்டுக்கடன் காகிதம் பார்த்தே கண் போனவள் நான். விலை குறைவு என்றாலே மூக்கில் வேர்த்துவிடும். மூலப்பத்திரம் கேட்டேன். பெரியவர் ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படித்தால், கட்டிடம் மட்டும்தான் அவருடையது. அடிமனை கோயிலுக்குச் சொந்தம், வருடா வருடம் மனைவாடகை கட்டுகிறார்கள். கோயில் ஊர்களில் இது சகஜம். அவர் ஒன்றும் ஏமாற்றவில்லை. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்லைம்மா" என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மண்ணை நம் பெயருக்குப் பதிய சார்பதிவாளர் ஒத்துக்கொள்ள மாட்டார், எந்த பேங்கும் அதன்மேல் கடன் தராது, நாளைக்கு உனக்கும் அது தலைவலி. அன்று ராத்திரி அப்பா என்னோடு பேசவில்லை. காலையில் காபி குடித்ததும் சரியாகிவிட்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இது திரும்பி வருகிற ஊர். அவருக்கு? நாக்பூரில் பிறந்து, நாக்பூரில் படித்து, மராத்தியில் சண்டை போடுகிற மனுஷன். வீட்டில் தமிழ் பேசுவாரே தவிர எழுத்து தெரியாது. தமிழ்நாடு அவருக்கு வேற்று மாநிலம்தான். முதல் வாரம் இங்கே பஸ் ஸ்டாண்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டு டிக்கெட் விசாரிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எல்லா பஸ்ஸும் ஒரே ஊருக்குத்தான் போகிறது" என்றார். பார்த்தேன். திருவாரூர், திருவையாறு, திருவிடைமருதூர், திருப்பனந்தாள், திருநாகேஸ்வரம். முதல் இரண்டு எழுத்தை மட்டும் என்னிடம் கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருக்கிறார், பாவம். அன்றைக்கே ஒரு இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகம் வாங்கிவிட்டார். இப்போது கடைப் பலகையெல்லாம் எழுத்துக்கூட்டுகிறார்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் ஆஸ்பத்திரி தூரம்தான் எனக்கு முதல் கணக்கு. திருவாரூரில் 2010-ல் மருத்துவக் கல்லூரி வந்தது, நாகப்பட்டினத்தில் 2022-ல். மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமே ஆகிவிட்டது, மருத்துவக் கல்லூரி மட்டும் இன்னும் வரவில்லை. கும்பகோணத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தாலும், ரொம்ப அவசரம் என்றால் தஞ்சாவூருக்குத்தான் ஓடுகிறார்கள். நாற்பது கிலோமீட்டர். பகலில் அந்த ரோட்டில் போய்ப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

இனி மாமா விஷயம். வீட்டை ஒட்டியிருக்கிற மனையை எடுத்துக்கொண்டு சின்னதாக ஒரு வீடு கட்டு அக்கா என்கிறான். காசு கூட வேண்டாம் என்கிறான். கொல்லையில் நான் ஏறி விழுந்த அதே மாமரம் இன்னும் இருக்கிறது. போன வாரம் போனபோது அத்தை நண்டு வறுத்து வைத்திருந்தாள், என்னைப் படுக்கச் சொல்லி விசிறினாள். நாலு நாள் விருந்தாளியாக இருந்ததால் அந்த விசிறல். வருடம் முழுக்க இருந்தால்? கடைசி பஸ் போய்விட்டால் டவுனுக்கு மாமா பைக்தான். மருந்து தீர்ந்தால் மாமா பையன்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். நாத்தனார் பக்கத்து மனையில் குடிவந்தால் அவளுக்கும் மூச்சுமுட்டும், அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

நீ பட்டியலில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டாய். எழுதச் சங்கடமாக இருந்திருக்கும், நானே எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஒரே நாளில் போகப் போவதில்லை. ஒருவர் கொஞ்ச காலம் தனியாக இருந்தாக வேண்டும். அது நான் என்றால் எந்த ஊரிலும் சமாளித்துக்கொள்வேன். அப்பா என்றால், அவர் யாரையும் கெஞ்சாமல் நடந்துபோய்க் காய் வாங்கி, மாத்திரை வாங்கி, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற இடமாக இருக்க வேண்டும். மைசூரிலும் கோயம்புத்தூரிலும் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நீ பெங்களூரில் பக்கத்திலேயே வீடு பார்க்கிறேன் என்றாய். இரண்டு வருடத்தில் உன் கம்பெனி உன்னை எங்கே அனுப்பும் என்று உனக்கே தெரியாது.

சரி, முடிவு தஞ்சாவூர். உன் 61 மார்க் ஊர்தான். மருத்துவக் கல்லூரி சாலையை ஒட்டிய ஒரு தெருவில் கீழ்த்தளம், வாடகைக்கு. வல்லம் பக்கம் மேட்டு நிலம், செம்மண். அடைமழை விட்ட மறுநாள் காலை போய்ப் பார்த்தேன், தெரு காய்ந்திருந்தது. பருப்புக்கு நாலு விசில். சொன்னால் சிரிப்பாய், சோழன் தலைநகரில் காவிரி ஓடவில்லை. பெரிய கோயிலை ஒட்டி ஓடுவது 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய், ஜனங்கள் புதாறு என்கிறார்கள். காவிரி பார்க்க வேண்டுமென்றால் திருவையாற்றுக்கு பஸ் ஏற வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு வருடத்துக்கு வாங்குகிற பேச்சே கிடையாது. இங்கே முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு வாங்கிவிட்டு மனசு மாறினால் நாலரை லட்சம் போனது போனதுதான். அதனால் நாக்பூர் ஃபிளாட்டை விற்காமல் வாடகைக்கு விடுகிறோம். ஒரு சித்திரை வெயிலையும் ஒரு ஐப்பசி மழையையும் இங்கேயே இருந்து பார்க்கட்டும் அப்பா. கூலரைக் கொண்டுவருவேன் என்று அடம்பிடிக்கிறார். நாக்பூர் வறண்ட வெயிலுக்கு அது சரி, இந்தப் புழுக்கத்தில் கூலர் போட்டால் இன்னும் கசகசக்கும் என்றால் கேட்பதில்லை. ஸ்கூட்டரும் வருகிறது. 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கி வரி கட்ட வேண்டும், அதற்குள் முடிவு தெரிந்துவிடும். பென்ஷனுக்கு உயிர்ச்சான்றிதழ் நவம்பரில் போனிலேயே கொடுத்துவிடலாம்.

உனக்கு ஒரு வேலை. ஜூன் முதல் வாரம் சாமான் வந்து இறங்கும்போது நீ இருக்க வேண்டும். மைசூரிலிருந்து மயிலாடுதுறை வழியாகக் கடலூர் போகிற வண்டியில் பெங்களூரில் சாயங்காலம் ஏறினால் விடிவதற்குள் தஞ்சாவூர். டிக்கெட்டை இப்போதே காலண்டரில் குறித்துவை, கடைசி நேரத்தில் தட்கல் என்று நிற்காதே.

மாமாவிடம் நான்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நாளைக் காலை குடவாசல் பஸ். போர்டைப் பார்த்து நானே ஏற்றிவிடுகிறேன் என்கிறார் அப்பா. "கு"வில் ஆரம்பிப்பது அது ஒன்றுதானே, சுலபம் என்கிறார். குத்தாலத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அன்புடன்,
அம்மா